மூன்று குலவை

அத்தியாயம் 17

போன வாரம் கிதாவை ஆஸ்பத்திரி வாசலில் நகம் கடிக்க விட்டுவிட்டு வந்தோம். பத்து விரலும் தீர்வதற்குள் கதவு திறந்துவிட்டது. சனிக்கிழமை விடிகாலை, நாலே மணி நேர வலியில், அவன் மனைவி நியோகாபிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கடிதம் போட்டுக் கேட்டவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். முழுசாக விட வேண்டாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணி வாக்கில் ஒரு வாடகைக் கார் செம்மண் சேற்றில் உறுமிக்கொண்டு மேடேறி, கங்கேமா ஊருக்கு மேலே தேயிலைச் சரிவில் இருக்கும் அந்தத் தகரக் கூரை வீட்டின் முன்னால் நின்றது. வாடகைச் சவாரி ஓட்டும் தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் வழிகாட்டி வந்த கிதாவ் குதித்து இறங்கிக் கார்க் கதவைத் திறந்தான். பச்சைப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நியோகாபி இறங்கினாள்.

இறங்கியவள் நடக்கவில்லை. காத்து நின்றாள்.

பிள்ளை வாசலுக்கு வந்தால் வீட்டின் மூத்தவள் குலவையிட வேண்டும். ஆண் என்றால் ஐந்து, பெண் என்றால் மூன்று. எதிர்ச் சரிவில் இருப்பவர்கள் கை வேலையை நிறுத்தி எண்ணிப் பார்த்து, என்ன குழந்தை என்று தெரிந்துகொள்வார்கள். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வீட்டின் மூத்தவள், கிதாவின் அம்மா வசேரா, சமையல் குடிசை வாசலில் அகப்பையோடு நின்றிருந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

கிதாவ் தொண்டையைச் செருமினான். "அம்மா..."

வசேரா திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக் கபூராவுக்குப் பொறுக்கவில்லை. ஆறு பெற்றவள். ஆறுக்கும் முறையாகக் குலவை வாங்கியவள். "இதென்ன இழவு வீடா? யாருக்கும் நாக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து, அவளே மூன்று குலவையிட்டாள்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பக்கத்து வீட்டுக் குலவை.

நியோகாபிக்கு நெஞ்சு எரிந்தது. வசேராவின் குலவை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் மழையில், இதே நியோகாபி முப்பது மணி நேரம் துடித்தாள். பாதையெல்லாம் சேறு. பாதி தூரம் அவளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். பெண் என்றதும் வசேரா பிரசவ வார்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இது ஆஸ்பத்திரிம்மா, வெளிய போங்க" என்று நர்ஸ் தள்ளத் தள்ள, மூன்றாவது குலவையை மாடிப்படியில் நின்று முடித்தாள்.

பிறந்தவளின் பெயரும் வசேராதான். முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர். அந்த மலையில் இதற்காக யாரும் மூளையைக் கசக்குவதில்லை. அந்த நிமிஷத்திலிருந்து நியோகாபியின் பெயரும் போய்விட்டது. நர்ஸ்கூட 'வசேரா அம்மா' என்றுதான் கூப்பிட்டாள்.

நாலு நாள் கூப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் நியோகாபி காய்ச்சல் தெளிந்து கண் விழித்தபோது, குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. "ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துக்கிட்டாங்க" என்றான் கிதாவ். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டாள். "அதெல்லாம் சொல்ல மாட்டாங்க" என்றான். அன்றைக்குத்தான் அவளுக்குப் பால் இறங்கியது. ஒரு தட்டில் பீய்ச்சி, கழிவறையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

சந்தையில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறவள் அவள். வயிற்றில் இருந்தவளுக்கு மட்டும் மிஷினைத் தொடாமல், கையாலேயே ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னி வைத்திருந்தாள். மூன்று வெள்ளைப் பொத்தான். அதுவும் ஆஸ்பத்திரியில் காணாமல் போயிற்று.

அதன் பிறகு யாரும் அவளை 'வசேரா அம்மா' என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயரே வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. போன வருஷம் அவளுடைய அம்மா முகாமி இறந்தபோது, சொல்லி அழவும் ஆளில்லாமல் போயிற்று.

இந்தத் தடவை அவள் ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஸ்வெட்டர், உன் பிள்ளைக்கு ஆஸ்பத்திரித் துண்டா?" என்று சந்தையில் கேலி செய்தார்கள். சிரித்து வைத்தாள். முதல் தடவை வலி வந்தபோது பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற ஆசைதான் இருந்தது. இந்தத் தடவை வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அழுகைச் சத்தம் கேட்டபிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் "எத்தனையாவது பிரசவம்?" என்று கேட்டதற்கு, அவளை முந்திக்கொண்டு கிதாவ் "முதல்" என்றான். உள்ளே நர்ஸ் அவள் காதருகில் குனிந்து, "உன் புருஷன் யார்கிட்ட கதை விடறான்? முதல் பிள்ளை பாதை வெட்டும், ரெண்டாவது அதுல நடந்து வரும். இது நடந்து வந்த பிள்ளை" என்றாள்.

அந்தப் பேச்சு நியோகாபிக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அறைக்குள் கபூரா தலையணையைத் தட்டிப் போட்டாள். பிள்ளை மார்பைத் தேடிப் பற்றியது. பற்றின மாத்திரத்தில் நியோகாபியின் அடிவயிறு சுருட்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்.

"இழுக்குதா?" என்றாள் கபூரா.

"உயிர் போகுதுக்கா. பிரசவமே தேவலாம்போல."

"அப்படித்தான் இருக்கும். முதல் பிள்ளைக்கு இந்த இழுப்பு தெரியவே தெரியாது. ரெண்டாவதுல இருந்துதான் வயிறு பிடிச்சு இழுக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறும். ஆறாவதுக்கு நான் எம்புருஷன் கையைக் கடிச்சிட்டேன். அதுக்கப்புறம்தான் அந்த மனுஷன் அடங்கினாரு."

சிரிப்பாள் என்று பார்த்தாள். நியோகாபியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது.

"என்னடி? அவ்வளவு வலியா?"

"வயித்துக்குத் தெரிஞ்சிருக்கேக்கா" என்றாள் நியோகாபி. "இது ரெண்டாவதுன்னு என் வயித்துக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த வீட்டுல வேற யாருக்கும் தெரியல."

கபூரா பிளந்த வாயை மூடினாள். அவள் வாய் மூடுவது வருஷத்தில் இரண்டு தடவை நடந்தால் அதிசயம். அதிலும் அது ரொம்ப நேரம் நிற்காது.

"அதையே நெனச்சு ஏன் உருகுற? ஒண்ணு செய். இவளுக்கு ஞோக்கின்னு வை. திரும்பி வந்தவள்னு அர்த்தம். பிள்ளை போன வீட்டுல வைக்கிறதுதானே? போனவளே வந்துட்டாள்னு நெனச்சுக்கோ."

"போனவ வரலக்கா. அவளுக்கு இடது காதுல ஒரு மச்சம். இவளுக்கு இல்ல. நான் நேத்தே பாத்துட்டேன். இவ வேற."

கபூரா எழுந்தாள். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்றாள். அவள் வீட்டில் பால் கிடையாது என்பது மலைக்கே தெரியும்.

அவள் போன கையோடு கிதாவ் வந்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். முகமெல்லாம் பெருமை.

"பிறப்புச் சீட்டு. நாளைக்குப் பதிவு ஆபீஸ்ல குடுத்தா முடிஞ்சுது. பேர் எழுதிட்டேன் பாரு."

நியோகாபி பார்த்தாள். பேனாவை அழுத்தி எழுதியிருந்தான். வசேரா.

"யாரக் கேட்டு எழுதின?"

"இதுல கேக்க என்ன இருக்கு? மூத்த பொண்ணுக்கு எங்கம்மா பேரு."

"மூத்தவ இருந்தாளே கிதாவ்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாலு நாள் புள்ள..."

"நாலு நாள் இருந்தா மனுஷி இல்லையா? முப்பது மணி நேரம் நான் பெத்தது யாரை? இந்தப் பேரை இவளுக்கு வெச்சா, அவ பொறக்கவே இல்லைன்னு ஆயிடும். இவ ரெண்டாவது. இவளுக்கு எங்கம்மா பேரு. முகாமி."

"உங்கம்மா மேல இருக்கிற ஆசையில பேசுற."

"ஆமா, ஆசைதான். ஆனா அதுக்காகச் சொல்லல."

"ஊரு என்ன சொல்லும்? முதல் பொண்ணுக்கே மாமியா பேரை விட்டுட்டாங்கன்னு சொல்லும். அம்மா ஏற்கெனவே குலவை விடல, பாத்தேல்ல? இது வேற சேந்தா..."

"எனக்கு ஒண்ணு சொல்லு. அவ எங்க இருக்கா?"

கிதாவ் ஹெல்மெட்டை எடுத்தான். "அதப் பத்திப் பேச வேணாம்னு சொல்லியிருக்கேன்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "சர்ச்சு விடற நேரம். சவாரி காத்துக்கிட்டிருக்கும்." காகிதத்தை அவள் கையிலிருந்து உருவிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். மோட்டார் சைக்கிள் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

நியோகாபி அழவில்லை. அழுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு வசேரா வந்தாள். கையில் ஆவி பறக்கும் கிண்ணம். பிள்ளை பெற்றவளுக்கென்று வேகவைக்கிற கறுப்பு மொச்சை. பிள்ளையைப் பார்க்காமல் கிண்ணத்தைக் கட்டில் ஓரம் வைத்தாள். "சாப்பிடு. மொச்சைதான் பாலுக்கு நல்லது."

நியோகாபி ஒரு வாய் எடுத்தாள். வெறும் மொச்சை. பிள்ளை பெற்றவளுக்கான மொச்சையில் பழுத்த வாழை போட்டு மசிப்பதுதான் வழக்கம். ஏழை வீட்டில்கூட அதில் குறை வைக்க மாட்டார்கள்.

"வாழை போடலையா அத்தை?"

"சந்தையில நல்ல பழம் இல்ல."

"சந்தைக்கு எதுக்குப் போகணும்? கீழ ஓடைகிட்ட நம்ம வாழையிலயே தாறு பழுத்துத் தொங்குதே. காக்கா தின்னுது."

"அது வேணாம்."

அந்த வாழையில் மாமியார் யாரையும் கைவைக்க விடுவதில்லை. ஒரு தரம் நியோகாபி ஒரு சீப்பு வெட்டி வந்ததற்கு, அதை வாங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தாள். சரியான கஞ்சம் என்று இவளும் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்கு அது வாயால் வந்துவிட்டது.

"குலவையும் இல்ல. ஒரு வாழைப்பழமும் இல்ல. நீங்க அவளை ஏறெடுத்துக்கூடப் பாக்கல. என் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணினா அத்தை? அவ்வளவு வெறுப்பா?"

வசேரா நின்றபடியே இருந்தாள். அகன்ற தோள், தேயிலைக் கூடை சுமந்து சுமந்து நெற்றியில் பட்டைத் தழும்பு. அந்தத் தோள் மெல்ல இறங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வெறுப்பு இல்ல தாயீ. பயம்" என்றாள். "போன தடவை நான்தான் முந்திக்கிட்டுக் கத்தினேன். ஆஸ்பத்திரியிலயே கத்தினேன். என் பேரு, என் பேருன்னு ஆடினேன். நாலு நாள்ல என் பேரு மண்ணுக்குள்ள போயிடுச்சு. உயிரோட இருக்கும்போதே என் பேரு மண்ணுக்குள்ள. இன்னிக்கு இவளைப் பாத்ததும் நாக்கு எழும்பல. எங்க கண்ணு பட்டுருமோன்னு பாக்காம இருந்தேன்."

வசேரா பிள்ளையின் பக்கம் திரும்பாமலேயே பேசினாள்.

"கிதாவ் என் பேரை எழுதியிருக்கான். வேணாம்னு நேத்தே போன்ல சொன்னேன். என் பேருக்கு உரியவ வந்துட்டுப் போயிட்டா. அவதான் மூத்தவ. இது ரெண்டாவது. உங்கம்மா முகாமி முறை. அந்த முறையை நான் திருட மாட்டேன்."

மூன்று வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்தவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. நியோகாபி அவள் கையைப் பிடித்தாள்.

"நான் ஒருநாளும் அவளை மறக்கல பொண்ணே. ஒவ்வொரு மழைக்கும் புல்லைப் புடுங்கிட்டுத்தான் வர்றேன். கல்லுகூட சாயாம..."

வசேரா சட்டென்று நிறுத்தினாள்.

"எந்தக் கல்லு?" என்றாள் நியோகாபி.

வசேரா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அத்தை. எந்தக் கல்லு?"

வசேரா தலையைக் குனிந்துகொண்டாள். நியோகாபி கிண்ணத்தைப் பார்த்தாள். வெறும் மொச்சை. காக்கை தின்னும் வாழைத்தாறு. ஆட்டுக்குப் போட்ட சீப்பு. ஒவ்வொன்றாக அவளுக்குள் வந்து உட்கார்ந்தது.

"வாழைக்குக் கீழயா?"

"உன் புருஷன் சத்தியம் வாங்கிக்கிட்டான்" என்றாள் வசேரா. "தெரிஞ்சா நீ அங்கயே உக்காந்துருவ, சோறு தண்ணி இறங்காது, உன்னையும் பறிகொடுத்துருவோம்னு பயந்தான். நானும் பயந்தேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு மூணு வருஷம் ஓடிப்போச்சு."

நியோகாபி எழுந்தாள். பிள்ளையைத் துண்டோடு சுற்றி எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டினாள்.

"ஈர மண்ணு, வழுக்கும் பொண்ணே! நேத்துதான் பெத்திருக்க!"

அவள் நிற்கவில்லை. ஓடைக்கு இறங்கும் அந்தப் பாதையில் மூன்று வருஷமாகத் தினம் இரண்டு தடவை தண்ணீர் எடுக்க நடந்திருக்கிறாள். சில நாள் களைப்பில் அந்த வாழையடியில் குடத்தை இறக்கி வைத்து, தன் பிள்ளை எந்த ஊர்க் குழியில் கிடக்கிறதோ என்று அழுதும் இருக்கிறாள்.

வாழைக் குத்துக்குள் இலைகளை விலக்கிப் பார்த்தாள். ஓடையில் கிடைக்கும் தட்டைக் கல் ஒன்று, ஒரு முறத்தின் அளவுதான் இருக்கும். சுற்றிலும் ஒரு புல் இல்லை.

நியோகாபி மண்ணில் உட்கார்ந்தாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மடியில் பிள்ளை சிணுங்கியது. தன்னை அறியாமல் அதற்குப் பால் கொடுத்தாள். வயிறு சுருட்டி இழுத்தது. இந்தத் தடவை அவள் பல்லைக் கடிக்கவில்லை. பாதை வெட்டியவள் இங்கே இருக்கிறாள். அந்த வலி அவளுடையது. வாய்விட்டு, உரக்க, மூன்று வருஷ அழுகையை அழுதாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த வசேரா வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யார் கொண்டு வந்தது?" என்றாள் நியோகாபி, அழுகை கொஞ்சம் அடங்கியதும்.

"கிதாவ்தான். மழைக்கோட்டுக்குள்ள நெஞ்சோட வெச்சுக்கிட்டு, ஒத்தக் கையால வண்டி ஓட்டிட்டு வந்தான். அந்த மழையில."

"துணி?"

"உன் மஞ்சள் ஸ்வெட்டர். அவனே போட்டுவிட்டான். பொத்தானை மாத்திப் போட்டுட்டான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்துது. நான் சரி பண்றேன்டான்னு கையை நீட்டினேன். 'விடும்மா, அவ அம்மா வந்து சரி பண்ணுவா'ன்னு சொல்லிட்டுக் குழியைப் பாத்து அழுதான். அப்புறம் மண்ணைத் தள்ளினான்."

நியோகாபி கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. கிதாவிடம் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த வசவுகள் தொண்டையிலேயே நின்றன. போகவும் இல்லை, வரவும் இல்லை.

பிள்ளையைத் தூக்கி மாமியாரிடம் நீட்டினாள்.

"பாருங்க அத்தை. கண்ணு படாது. அக்கா பக்கத்துல இருக்கா."

வசேரா முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தாள். முகாமியின் மூக்கு. முகாமியின் பிடிவாத மோவாய். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, குலவையிட்டாள். முதல் குலவை உடைந்து நடுங்கியது. இரண்டாவது ஓடையைத் தாண்டியது. மூன்றாவதுக்கு எதிர்ச் சரிவில் சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்று, சத்தம் அணைந்தது.

கிதாவ் பாதையின் தலைப்பில் நின்றான். குலவை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவனுக்கு, மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது.

நியோகாபி அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கி வா கிதாவ். பொத்தானைச் சரி பண்ண நான் வந்துட்டேன்."

அவன் சட்டைப் பையில் இருந்த காகிதத்தின் மேல் கையை வைத்தபடி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், அங்கேயே நின்றான்.